புவி வெப்பமாதலுக்கு மனிதர்களே காரணம் என்று எப்படித் தெரியும்?

பூமியின் காலநிலை எப்போதுமே மாறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பனியுகங்கள் வந்தன, போயின. அப்போதெல்லாம் தொழிற்சாலைகளும் இல்லை, வாகனங்களும் இல்லை. அப்படியிருக்க, இப்போது நடக்கும் மாற்றத்துக்கு மட்டும் மனிதர்கள்தான் காரணம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை அறிவியல் மறுப்பாளர்கள் என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இது நியாயமான கேள்வி; இந்தத் துறையின் ஆய்வாளர்கள் தங்களுக்குள்ளேயே பல பத்தாண்டுகளாகக் கேட்டு, வாதிட்டு, பதில் தேடிய கேள்வியும் இதுவே.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் பதில் '97 சதவீத விஞ்ஞானிகள் ஒப்புக்கொள்கிறார்கள்' என்பது. 2013இல் வெளியான ஓர் ஆய்வு, ஏறத்தாழ 12,000 ஆய்வுச் சுருக்கங்களைப் படித்து, காரணம் பற்றி நிலைப்பாடு எடுத்தவற்றில் 97 சதவீதம் மனிதர்களையே சுட்டுகின்றன என்று கணக்கிட்டது. அந்தக் கணக்கில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும், எத்தனை பேர் ஒப்புக்கொள்கிறார்கள் என்பது ஒரு கூற்றுக்குச் சான்று ஆகாது. அவர்கள் எதைக் கண்டு ஒப்புக்கொண்டார்கள் என்பதே சான்று. அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

அடிப்படை இயற்பியல் மிகப் பழையது. சூரியனிடமிருந்து கிடைக்கும் வெப்பத்தை மட்டும் கணக்கில் கொண்டால் பூமி இவ்வளவு இதமாக இருக்க இயலாது என்று 1824இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஜோசப் ஃபூரியே எழுதினார். 1856இல் அமெரிக்காவின் யூனிஸ் ஃபுட், கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்து, கரியமில வாயு இருந்த குழாயே மிகுதியாகச் சூடேறுவதைக் கண்டார். மூன்று ஆண்டுகள் கழித்து ஜான் டிண்டல், நீராவியும் கரியமில வாயுவும் அகச்சிவப்புக் கதிர்களை (சூடான பொருள்கள் வெளிவிடும், கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்களை) உறிஞ்சுவதையும், நைட்ரஜனும் ஆக்சிஜனும் அவ்வாறு உறிஞ்சுவதில்லை என்பதையும் கருவி கொண்டு அளந்து காட்டினார். 1896இல் சுவீடனின் ஸ்வாந்தே அர்ரீனியஸ், காற்றில் இந்த வாயுவின் அளவு இரு மடங்கானால் வெப்பநிலை எவ்வளவு உயரும் என்பதைக் கையாலேயே கணக்குப் போட்டார். காலநிலை மாற்றம் என்பது அண்மைக்கால அரசியலின் கண்டுபிடிப்பு என்று சொல்பவர்களுக்கு இந்த ஆண்டுகளே போதுமான மறுமொழி.

அர்ரீனியஸுக்கு உடனே ஓர் எதிர்ப்பும் எழுந்தது. அது வலுவான எதிர்ப்பு என்பதால் அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். காற்றில் ஏற்கெனவே இருக்கும் கரியமில வாயுவே தனக்குரிய அலைநீளங்களில் கதிர்களை முழுமையாக உறிஞ்சிவிடுகிறது, எனவே இன்னும் கொஞ்சம் சேர்த்தாலும் எந்த மாற்றமும் வராது என்பது அந்த வாதம். ஆய்வகக் குழாய் ஒன்றுக்குள் அது சரிதான். ஆனால் வளிமண்டலம் என்பது உயரே செல்லச் செல்ல அடர்த்தியும் வெப்பமும் குறையும் பல அடுக்குகளைக் கொண்டது. ஒவ்வோர் அடுக்கும் கீழிருந்து வரும் கதிரை உறிஞ்சித் தன் வெப்பநிலைக்கு ஏற்ப மீண்டும் வெளிவிடுகிறது. காற்று போதுமான அளவு மெலிந்த ஓர் உயரத்தில்தான் அந்தக் கதிர் இறுதியாக விண்வெளிக்குத் தப்புகிறது. கரியமில வாயுவைக் கூட்டினால் அந்தத் தப்பும் உயரம் மேலே நகர்கிறது. மேலே குளிர் அதிகம். குளிர்ந்த காற்று குறைவாகவே கதிர்வீசும். உள்ளே வரும் சூரிய ஆற்றல் மாறாமல் இருக்க, வெளியேறுவது மட்டும் குறைந்துவிட்டால், மீண்டும் சமநிலை வரும்வரை கீழே உள்ள அனைத்தும் சூடேறியாக வேண்டும். இந்த விளக்கம் முழு வடிவம் பெற 1950களும் 60களும் ஆயின. இந்த ஒரு பத்தி புரிந்தால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும் என்பது என் எண்ணம்.

இனி, காற்றில் இந்த வாயு உண்மையிலேயே கூடுகிறதா என்ற கேள்வி. 1958 மார்ச்சில் சார்லஸ் டேவிட் கீலிங், ஹவாயின் மௌனா லோவா மலையில் தொடர் அளவீட்டைத் தொடங்கியபோது, பத்து லட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 313 பங்கு கரியமில வாயு இருந்தது. இன்று அது 420ஐத் தாண்டிவிட்டது. அதற்கு முந்தைய காலத்தைப் பனிக்கட்டி சொல்கிறது. அண்டார்க்டிகாவில் ஆண்டாண்டாக விழுந்து இறுகிய பனியில் அந்தந்தக் காலத்துக் காற்று குமிழிகளாகச் சிறைப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய ஆய்வுக் குழு ஒன்று அங்கே துளையிட்டு எடுத்த பனித் தண்டு 8,00,000 ஆண்டுகளின் கதையைத் தந்தது. அந்தக் காலம் முழுவதும், பனியுகங்களில் 180 அளவுக்கு இறங்கியும் இடைக்காலங்களில் 300ஐ ஒட்டி ஏறியும் இந்த வாயு ஊசலாடியிருக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் அது 280 அளவில் நின்றது.

கூடியது சரி, அது நம்முடையதுதானா? எரிமலை உமிழ்ந்ததாகவோ, சூடேறிய கடல் வெளிவிட்டதாகவோ இருக்கலாமே. இந்த இடத்தில்தான் இத்துறையின் துப்பறியும் வேலை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கார்பன் அணுக்கள் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. கார்பன்-14 என்ற கதிரியக்க வகை, 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறைந்துவிடும். நிலக்கரியும் எண்ணெயும் கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்தவை ஆதலால் அவற்றில் கார்பன்-14 சிறிதும் இல்லை. அவற்றை எரித்தால் காற்றிலுள்ள கார்பன்-14இன் விகிதம் நீர்த்துப்போக வேண்டும். 1955இல் ஹான்ஸ் சூயஸ், மரங்களின் வளையங்களில் இந்த நீர்த்தலைக் கண்டு அறிவித்தார். (அதன் பின் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14ஐக் கொட்டி இந்தக் கணக்கைச் சில காலம் குழப்பிவிட்டன, மனிதர்கள் இட்ட ஒரு தடயத்தை மனிதர்களே இன்னொன்றால் அழித்த விந்தை அது.)

இன்னொரு வகை கார்பன்-13. தாவரங்கள் ஒளிச்சேர்க்கையின்போது எடை குறைந்த கார்பன்-12ஐயே அதிகம் விரும்பி எடுக்கின்றன. அதனால் தாவரங்களிலும் அவற்றிலிருந்து உருவான எரிபொருள்களிலும் கார்பன்-13 குறைவு. எரிமலை வாயுவிலோ கடலிலோ அந்தக் குறைபாடு அந்த அளவுக்கு இல்லை. காற்றில் கார்பன்-13இன் விகிதம் தொடர்ந்து இறங்கிவருகிறது. அதாவது வந்து சேரும் கார்பன் ஏதோ ஒரு காலத்தில் தாவரமாக இருந்தது. இரண்டு தடயங்களையும் சேர்த்துப் பார்த்தால், அது மிக மிகப் பழைய தாவரம்.

மூன்றாவது தடயம் ஆக்சிஜன். எதை எரித்தாலும் ஆக்சிஜன் செலவாகும். கடலோ எரிமலையோ வாயுவை வெளிவிட்டால் அப்படிச் செலவாகாது. கீலிங்கின் மகன் ரால்ஃப் கீலிங், 1980களின் இறுதியில் காற்றின் ஆக்சிஜனை நுட்பமாக அளக்கும் முறையை உருவாக்கி, அது ஆண்டுக்காண்டு குறைந்துவருவதைக் காட்டினார். 21 சதவீதம் உள்ள ஒன்றில் பத்து லட்சத்துக்குச் சில பங்குகளே குறைவதால் நாம் மூச்சு விடுவதற்கு இதனால் இடரேதும் இல்லை. சான்றாக மட்டும் அது மிகக் கனமானது. கடல் நீரோ நாளுக்கு நாள் அமிலத் தன்மை கூடிவருகிறது. கடல் இந்த வாயுவை விழுங்கிக்கொண்டிருக்கிறது, உமிழவில்லை என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்? உலகின் எரிமலைகள் அனைத்தும் சேர்ந்து வெளிவிடும் கரியமில வாயு, மனிதர்கள் வெளிவிடுவதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. நாம் ஆண்டுதோறும் வெளிவிடுவதில் ஏறக்குறைய பாதிதான் காற்றில் தங்குகிறது, மீதியைக் கடலும் நிலமும் எடுத்துக்கொள்கின்றன. இயற்கை மொத்தக் கணக்கில் வாங்கும் பக்கத்தில் இருக்கும்போது, கூடுதலுக்கு அதையே பொறுப்பாக்குவது வரவு-செலவுக் கணக்குக்கே ஒவ்வாது.

சேர்ந்த வாயு உண்மையில் வெப்பத்தைப் பிடித்துவைக்கிறதா என்பதையும் நேரடியாக அளந்திருக்கிறார்கள். 1970இல் ஒரு செயற்கைக்கோளும் 1997இல் இன்னொன்றும் பூமியிலிருந்து வெளியேறும் அகச்சிவப்பு நிறமாலையைப் பதிவு செய்தன. இரண்டையும் ஒப்பிட்டு 2001இல் வெளியான ஆய்வில், கரியமில வாயுவும் மீத்தேனும் உறிஞ்சும் அதே அலைநீளங்களில் வெளியேற்றம் குறைந்திருந்தது தெரிந்தது. 2000 முதல் 2010 வரை ஓக்லஹோமாவிலும் அலாஸ்காவிலும் தரையில் நின்று மேல்நோக்கிப் பார்த்த கருவிகள், வானத்திலிருந்து திரும்பி வரும் கதிர்வீச்சில் கரியமில வாயுவின் பங்கு சதுர மீட்டருக்கு 0.2 வாட் கூடியதைக் காட்டின. இந்த இரண்டாம் அளவீடு ஏன் பொதுமக்களிடம் அதிகம் பேசப்படுவதில்லை என்பது எனக்கு வியப்பு.

வெப்பமானிகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1938இல் கை காலண்டர் என்ற நீராவிப் பொறியாளர், ஓய்வு நேர ஆர்வமாக, உலகின் 147 வானிலை நிலையங்களின் பதிவுகளைத் திரட்டி, நிலப்பரப்பு சூடேறிவருகிறது என்றும் அதில் கரியமில வாயுவுக்குப் பங்குண்டு என்றும் எழுதினார். இன்றைய வெப்பநிலை மதிப்பீடுகளோடு ஒப்பிட்டால் அவருடைய வெப்பநிலை வரைபடம் பெரிதும் பொருந்தியே இருக்கிறது. நிலையங்கள் இடம் மாறியதையும் கருவிகள் மாறியதையும் சரிசெய்ய, பழைய பதிவுகளில் ஆய்வாளர்கள் திருத்தம் செய்வது உண்மை. அதையே மோசடி என்று சொல்வோரும் உண்டு. அவர்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அக்காலக் கப்பல்களில் கடல் நீரைத் துணி வாளியில் மொண்டு அளந்தார்கள். மேலே இழுக்கும்போதே நீர் ஆவியாகிக் குளிர்ந்துவிடும், எனவே பழைய கடல் வெப்பநிலை உண்மையைவிடக் குறைவாகப் பதிவானது. அதைச் சரிசெய்தால் பழைய காலம் சற்று வெப்பமாகிறது. நூற்றாண்டுக் கால உயர்வு குறைகிறது. உலகளாவிய அளவில் திருத்தங்கள் எல்லாம் சேர்ந்து வெப்பமாதலைக் குறைத்தே காட்டுகின்றன, கூட்டிக் காட்டவில்லை. இந்தத் திருத்தங்களை நம்பாத இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர், பெர்க்லியில் தனியாக ஒரு குழுவை அமைத்து அனைத்தையும் முதலிலிருந்து கணக்கிட்டு, 2012இல் தம் கருத்தை மாற்றிக்கொண்டதாக வெளிப்படையாக அறிவித்தார்.

இதுவரை சொன்னவை இரண்டு உண்மைகள்: வாயு கூடியிருக்கிறது, வெப்பம் கூடியிருக்கிறது. முதலாவதுதான் இரண்டாவதுக்குக் காரணம் என்று நிறுவுவது தனி வேலை. மருந்தாய்வில் பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்ப்பதுபோல் இங்கே செய்ய முடியாது. மனிதர்கள் எதையும் எரிக்காத இரண்டாவது பூமி நம்மிடம் இல்லை. 1979இல் ஜெர்மானிய இயற்பியலாளர் கிளாவுஸ் ஹாசல்மான் இதற்கு ஒரு வழி காட்டினார். வெப்பமாதலுக்கான ஒவ்வொரு காரணமும் உலகெங்கும் ஒரே மாதிரி வெப்பத்தை ஏற்றுவதில்லை. எந்த உயரத்தில், எந்த அட்சத்தில், எந்தப் பருவத்தில், பகலிலா இரவிலா என்பதில் ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம், அதாவது கைரேகை, உண்டு. இயற்கையான ஏற்ற இறக்கம் என்னும் இரைச்சல் எங்கே குறைவோ அங்கே கூர்ந்து பார்த்து, அளவீடுகளில் யாருடைய கைரேகை இருக்கிறது என்று புள்ளியியல் முறைப்படி தேடலாம் என்றார் அவர். இதற்காக அவருக்கு 2021இல் இயற்பியல் நோபல் பரிசின் ஒரு பங்கு கிடைத்தது.

மிகத் தெளிவான கைரேகை மேல் வளிமண்டலத்தில் இருக்கிறது. சூரியன் பிரகாசமானதால் பூமி சூடேறுகிறது என்றால், கீழ் அடுக்கும் அதற்கு மேலுள்ள ஸ்ட்ராடோஸ்பியர் அடுக்கும் சேர்ந்தே சூடேற வேண்டும். கரியமில வாயுதான் காரணம் என்றால் கீழே சூடேறும், மேலே குளிரும். ஏனெனில் அந்த உயரத்தில் கூடுதல் வாயு, விண்வெளியை நோக்கி வெப்பத்தைக் கூடுதலாக வீசித் தள்ளும் வேலையைச் செய்கிறது. ஸ்யூகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் 1967இல் தம் கணினி மாதிரியைக் கொண்டு இதை முன்கூட்டியே சொன்னார்கள். அந்த உயரத்தைத் தொடர்ந்து அளக்கும் செயற்கைக்கோள்கள் அப்போது இல்லை. 1970களின் இறுதியில் வந்தன. வந்த பிறகு பதிவானது அந்தக் குளிர்ச்சியே. ஓசோன் படலம் மெலிந்ததும் குளிர்ச்சிக்கு ஒரு காரணம் என்பதை மறைக்கக் கூடாது. ஸ்ட்ராடோஸ்பியரின் கீழ்ப் பகுதியில் அதன் பங்கு பெரிது, நடுப் பகுதியிலிருந்து மேலே கரியமில வாயுவின் பங்கு ஓங்குகிறது. இரண்டுமே மனிதர்கள் வெளியிட்ட வாயுக்களால் வந்தவை. சூரியனையோ, 1978 முதல் செயற்கைக்கோள்கள் நேரடியாகக் கண்காணிக்கின்றன; 11 ஆண்டுச் சுழற்சியில் ஏறத்தாழ 0.1 சதவீதம் ஏறி இறங்குகிறதே தவிர, அது தொடர்ந்து பிரகாசமாகிவருவதற்கான தடயம் இல்லை. நடந்த பிறகு விளக்கம் சொல்வது யாருக்கும் எளிது. நடக்கும் முன்பே, அதுவும் பார்வைக்கு முரணாகத் தோன்றும் ஒன்றைச் சொல்லி அது பலித்திருக்கிறது என்பதால், இந்தத் துறையின் சான்றுகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதையே எடுப்பேன்.

செயற்கைக்கோள்கள் தொடக்கத்தில் ஒரு சிக்கலையும் கொண்டுவந்தன. 1990களில் அவற்றின் தரவுகள், கீழ் வளிமண்டலம் சூடேறவே இல்லை என்பதுபோல் காட்டின. கணினி மாதிரிகள் தவறு என்பதற்கு அதுவே பல ஆண்டுகள் ஆதாரமாகக் காட்டப்பட்டது. பின்னர், செயற்கைக்கோள்களின் சுற்றுப்பாதை மெல்ல மெல்லத் தாழ்ந்துவந்ததும், அவை ஓர் இடத்தைக் கடக்கும் நேரம் நகர்ந்துகொண்டே போனதும் சரியாகக் கணக்கிடப்படவில்லை என்று வேறொரு குழு கண்டறிந்தது. 2005 வாக்கில் அது திருத்தப்பட்டபோது முரண்பாட்டின் பெரும்பகுதி மறைந்தது. கோட்பாட்டோடு அளவீடு முரண்பட்டால் கோட்பாடுதான் தவறு என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். சில வேளைகளில் அளவீட்டையும் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

கணினி மாதிரிகளைப் பற்றி இரண்டு தரப்பிலும் மிகையாகப் பேசுகிறார்கள். அவை ஆருடமும் அல்ல, வெறும் விளையாட்டும் அல்ல. வளிமண்டலத்தையும் கடலையும் கட்டங்களாகப் பிரித்து, ஆற்றல், நிறை, இயக்கம் ஆகியவற்றின் விதிகளை ஒவ்வொரு கட்டத்திலும் தீர்த்துக்கொண்டே போவதுதான் அவற்றின் வேலை. ஒரு கட்டத்தின் அகலம் பெரும்பாலும் 100 கிலோமீட்டர் அளவில் இருப்பதால், அதைவிடச் சிறிய மேகங்களைத் தோராயமான சூத்திரங்களால்தான் குறிக்க முடிகிறது. அவற்றின் பெரிய பலவீனம் அங்கேதான். அவற்றை நம்பலாமா என்பதற்கு 1991 ஜூனில் இயற்கையே ஒரு தேர்வு வைத்தது. பிலிப்பைன்ஸின் பினடுபோ எரிமலை வெடித்து, கோடிக்கணக்கான டன் கந்தக டை ஆக்சைடை மேலே அனுப்பியது. அதிலிருந்து உருவாகும் துகள்கள் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும். நாசாவின் காலநிலை ஆய்வாளர் ஜேம்ஸ் ஹான்சனின் குழு, உலகம் ஏறத்தாழ அரை டிகிரி குளிர்ந்து சில ஆண்டுகளில் மீளும் என்று 1992 தொடக்கத்திலேயே எழுதியது, அப்படியே நடந்தது. பிறகு அந்த மாதிரிகளில் நீராவியின் பின்னூட்டத்தை மட்டும் அணைத்துவிட்டுப் பார்த்தபோது குளிர்ச்சி போதுமான அளவு வரவில்லை. வெப்பம் கூடினால் நீராவி கூடும், நீராவி வெப்பத்தை மேலும் கூட்டும் என்ற சங்கிலி உண்மை என்பதற்கு அதுவே சோதனையாயிற்று. 1970 முதல் 2007 வரை வெளியான 17 பழைய மாதிரிக் கணிப்புகளைப் பின்னர் ஆராய்ந்தபோது, உண்மையில் வெளியான வாயுக்களின் அளவைக் கொண்டு சரிசெய்தால், 14 கணிப்புகள் நடந்ததோடு ஒத்துப்போயின.

இவற்றையெல்லாம் தொகுக்கும், ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் மொழிநடையே ஒரு பாடம். 1995இல், சான்றுகளை எடைபோட்டால் காலநிலையின் மீது மனிதரின் தாக்கம் கண்டறியத் தக்கதாகத் தெரிகிறது என்று தயங்கியே சொன்னது. 2007இல் 90 சதவீதத்துக்கு மேல், 2013இல் 95 சதவீதத்துக்கு மேல் என்று உறுதி ஏறியது. 2021இல்தான் ஐயத்துக்கு இடமில்லை என்று எழுதியது. அதே அறிக்கையின்படி, 1850–1900 காலத்தோடு ஒப்பிட்டால் 2010–2019இல் மனிதர்களால் விளைந்த வெப்ப உயர்வு 1.07 டிகிரி செல்சியஸ், அது 0.8க்கும் 1.3க்கும் இடையே இருக்க வாய்ப்பு மிகுதி. சூரியனும் எரிமலைகளும் சேர்ந்து தந்தது கூட்டியோ குறைத்தோ 0.1 டிகிரிதான். இந்த 'இடையே' என்பதைக் கேட்டு, இவர்களுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை என்று சொல்வோர் உண்டு. பிழையின் எல்லையைச் சொல்லாத அளவீட்டையே நான் நம்பத் தயங்குவேன்.

தனித்தனி நிகழ்வுகளுக்குக் காரணம் சொல்வது இதன் இளைய கிளை. 2003இல் ஐரோப்பாவைத் தாக்கிய வெப்ப அலையை ஆராய்ந்து, அத்தகைய நிகழ்வுக்கான வாய்ப்பை மனிதத் தாக்கம் குறைந்தது இரு மடங்காக்கியிருக்கிறது என்று 2004இல் ஒரு குழு கணக்கிட்டது. 2021 ஜூனில் கனடாவின் லிட்டன் ஊரில் 49.6 டிகிரி பதிவானபோது, மனிதர்கள் ஏற்றிய வெப்பம் இல்லாமல் அது ஏறக்குறைய இயலாதது என்று சில நாள்களிலேயே சொல்ல முடிந்தது. வெப்ப அலைகளுக்கு இந்த முறை உறுதியானது, பெருமழைக்கு ஓரளவு, சூறாவளிக்கும் வறட்சிக்கும் இன்னும் கவனமாகவே பேச வேண்டும். ஒவ்வொரு புயலையும் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதும் செய்திகளைப் படிக்கும்போது எனக்குச் சலிப்பே வருகிறது.

திறந்த கேள்விகள் இல்லாமல் இல்லை. அவற்றில் பெரியது காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் பற்றியது. புகையிலிருந்து வரும் கந்தகத் துகள்கள் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பியும் மேகங்களை வெண்மையாக்கியும் பூமியைக் குளிர்விக்கின்றன. இதுவரை அவை மறைத்துவைத்த வெப்பம் 0 முதல் 0.8 டிகிரி வரை இருக்கலாம் என்பது 2021 அறிக்கையின் கணிப்பு. இது மிக அகலமான இடைவெளி. 2020இல் கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்ச வரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2023இலும் 2024இலும் பதிவான அசாதாரண வெப்பத்தில் எல் நினோவின் (பசிபிக் கடல் சில ஆண்டுகளுக்கொரு முறை இயல்பாகவே சூடேறும் நிகழ்வின்) பங்கு எவ்வளவு, கப்பல் புகை தெளிந்ததன் பங்கு எவ்வளவு, மேகங்கள் குறைந்ததன் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்கள் இப்போது வெளிப்படையாகவே கருத்து வேறுபடுகிறார்கள். துகள்களையும் மேகங்களையும் சேர்த்து அளப்பதற்காக 2024 பிப்ரவரியில் நாசாவின் பேஸ் செயற்கைக்கோளும், மே மாதம் ஐரோப்பாவும் ஜப்பானும் சேர்ந்து உருவாக்கிய எர்த்கேர் செயற்கைக்கோளும் ஏவப்பட்டன.